நான்கு கோப்பை, நான்கு கதை: மெக்சிகோ நகரில் ஒரு தொன்மக்கதை இரவு

மெக்சிகோ நகரத்தின் வரலாற்று மையத்தில், ஸ்பானியர் ஆட்சிக் காலத்து வீடு ஒன்றின் உள்முற்றத்தில், வார இறுதி இரவுகளில் கதை நிகழ்ச்சி ஒன்று நடைபெறுகிறது. நீண்ட மரமேசையைச் சுற்றி ஏறத்தாழ இருபது பேர் அமர்கிறார்கள். நான்கு பானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றுடனும் ஒரு பழங்கதை சொல்லப்படுகிறது. ஒருவருக்குக் கட்டணம் 750 பெசோ. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பானமும் கதையும் ஒரே மண்ணில் பிறந்தவையாக இருக்கும்போது இந்த இரவு மிக உயர்ந்து நிற்கிறது, கதையை மேசையிலிருந்து பிரித்து மேடையேற்றும் ஓரிடத்தில் மட்டும் அது வலுவிழந்துவிடுகிறது.

கதையையும் மதுவையும் சேர்த்து வழங்கும் வழக்கம் மெக்சிகோவுக்குப் புதியதன்று. குவானஹுவாதோ நகரில் பழங்கால மாணவர் உடையணிந்த இசைக்குழுவினர் இரவில் சந்து சந்தாகப் பாடிக்கொண்டு செல்வார்கள். பின்தொடர்வோர் கையில் சிறு குடுவையுடன் நடப்பார்கள். இரண்டு வீடுகளின் மாடங்கள் ஒன்றையொன்று தொட்டுவிடும் அளவுக்கு நெருங்கி நிற்கும் முத்தச் சந்தில், தந்தையின் எதிர்ப்பால் உயிரிழந்த காதலியின் கதை சொல்லப்படும். அந்தச் சந்தின் மிகக் குறுகிய இடம் 68 சென்டிமீட்டர் அகலம்தான். சகதேகாஸ் நகரில் இதே ஊர்வலத்துக்கு முரசும் ஊதுகருவிகளும் முழங்க, கற்றாழைச் சாராயமான மெஸ்காலைச் சுமந்த கழுதை ஒன்றும் உடன் வரும். கோலாகலத்துக்கு அவை ஏற்றவை. ஆனால் கூட்டத்தின் பின்வரிசையில் நடப்பவருக்குக் கதை பாதிதான் காதில் விழும். உட்கார்ந்து, முகம் பார்த்து, முழுக்கதையையும் கேட்க விரும்புவோருக்கு இந்த மரமேசையே பொருத்தமானது.

கதை சொல்பவர் அறுபதைக் கடந்த ஒரு பெண்மணி. விருந்தினர் அனைவரும் அவரை மரியாதையுடன் மாயெஸ்த்ரா, அதாவது ஆசிரியை, என்றே அழைக்கிறார்கள். அவர் வேடம் எதுவும் புனைவதில்லை, குரலை மாற்றிப் பயமுறுத்துவதுமில்லை. முதல் பானம் வருவதற்கு முன்பே வீட்டின் விதியொன்றை அறிவித்துவிடுகிறார்: யார் எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஐந்தாவது கோப்பை கிடையாது. அதற்கான காரணத்தை உடனே சொல்லாமல், "முதல் கதை முடியும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்" என்று மட்டும் கூறிவிட்டு அமர்கிறார்.

முதல் பானம் புல்கே. மகே எனப்படும் பெரிய ஆனைக்கற்றாழை முதிர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பூந்தண்டு எழும்பும் தருணத்தில் அதன் நடுப்பகுதியைக் குடைந்து குழியாக்கிவிட்டால், அந்தக் குழியில் ஊறும் இனிப்பு நீரை நாள்தோறும் எடுக்கலாம். அதற்கென்றே உள்ள தொழிலாளி, நீண்ட சுரைக்குடுவை ஒன்றின் ஒரு முனையைக் குழியில் வைத்து, மறுமுனையில் வாய்வைத்து உறிஞ்சி அந்த நீரைச் சேகரிப்பார். அது புளித்தால் புல்கே ஆகிறது. மெக்சிகோ நகருக்கு வடகிழக்கே இதால்கோ, த்லஸ்கலா மாநிலங்களின் சமவெளிகள் இதற்குப் பேர்போனவை. பால்போல் வெண்மையாகவும், சற்றே வழுவழுப்பாகவும், புளிப்பும் மண்வாசனையும் கலந்ததாகவும் இருக்கும். போதை ஏறத்தாழ பியரின் அளவுதான். புளிப்பேற்றம் நிற்காமல் தொடர்ந்துகொண்டே இருப்பதால் ஓரிரு நாளைக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே அன்றன்று வந்த புல்கேயைப் பரிமாறும் இடம் என்பதே அக்கறைக்கு அடையாளம். இங்கே அது நுரை அடங்காமல், கெட்ட வாடை சிறிதும் இல்லாமல், குளிர்ந்த மண்கோப்பையில் வந்தது. பழக்கமில்லாதவர்களுக்கு அந்த வழுவழுப்பு முதல் மடக்கில் தடையாக இருக்கலாம் என்பதை அறிந்து, கொய்யாப்பழம் சேர்த்த புல்கேயையும் தனியாக வைத்திருக்கிறார்கள். நான் கலப்பில்லாததையே பரிந்துரைப்பேன், ஏனெனில் கதை அந்தச் சுவையோடுதான் ஒட்டுகிறது.

கதை மயாவெலைப் பற்றியது. வானில், நட்சத்திரப் பேய்களுள் ஒருத்தியான தன் பாட்டியின் காவலில் உறங்கிக்கொண்டிருந்த இளம்பெண்ணைக் காற்றுத் தெய்வமான கெட்சல்கோவாட்ல் எழுப்பி, மண்ணுலகுக்கு அழைத்து வருகிறான். இருவரும் ஒரே மரத்தின் இரு கிளைகளாக உருமாறி நிற்கிறார்கள். பாட்டி விழித்துத் தன் கூட்டத்தோடு இறங்கி வருகிறாள். மரம் இரண்டாகப் பிளக்கிறது. பேத்தியின் கிளையை அடையாளம் கண்டுகொண்டு, அதைத் துண்டு துண்டாக்கித் தன் கூட்டத்தினருக்குத் தின்னக் கொடுக்கிறாள். அவர்கள் போன பின்பு, எஞ்சிய எலும்புகளை அவன் பொறுக்கிப் புதைக்கிறான். அந்த இடத்தில் முளைத்ததுதான் மகே. மாயெஸ்த்ரா இதைச் சொல்லி முடித்துவிட்டுக் கோப்பையைக் கையில் எடுத்து, உள்ளே இருக்கும் வெண்மையைச் சிறிது நேரம் எல்லோருக்கும் காட்டினார். மயாவெலுக்கு நானூறு மார்புகள் என்பதும், அவள் பாலூட்டி வளர்த்த நானூறு முயல்களே நானூறு விதப் போதைகள் என்பதும் பழைய நம்பிக்கை. நானூறு என்றால், ஸ்பானியருக்கு முன் இங்கே ஆண்ட அஸ்டெக் மக்களின் கணக்கில் எண்ணிலடங்காதது என்றே பொருள். ஒருவர் குடித்தால் அழுகிறார், ஒருவர் பாடுகிறார், ஒருவர் சண்டைக்குப் போகிறார்: அது அவரவருக்கு வாய்த்த முயலைப் பொறுத்தது. மேசையில் அமர்ந்திருந்த குடும்பம் ஒன்று, தங்கள் உறவினர்களுள் யாருக்கு எந்த முயல் என்று உடனே பட்டியலிடத் தொடங்கிவிட்டது. மாயெஸ்த்ரா அதைத் தடுக்கவில்லை. நிகழ்ச்சியின் தரத்தை நான் முதலில் உணர்ந்த இடம் அதுதான்.

ஐந்தாம் கோப்பையின் காரணம் அதன் தொடர்ச்சியாக வருகிறது. இது துலா நகரத்தின் அரசனும் குருவுமான கெட்சல்கோவாட்லின் கதை. தெய்வத்தின் பெயரையே தாங்கிய அவன் மதுவைத் தொடாத நோன்பாளி. அவனை வீழ்த்த நினைத்த எதிரித் தெய்வமான டெஸ்காட்லிபோகா, முதலில் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அவன் முகத்தின் முதுமையை அவனுக்கே காட்டுகிறான். பின்பு மந்திரவாதிகள் சமைத்த உணவும் புல்கேயும் வருகின்றன. குடிக்க மாட்டேன் என்கிறான் குரு. அப்படியானால் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வையுங்கள், அது போதும் என்கிறார்கள். தொடுகிறான், பிடித்துப்போகிறது, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, பிறகு ஐந்து. நோன்பிருந்த தமக்கையையும் அழைத்துக் குடிக்க வைக்கிறான். விடிந்ததும் செய்ததை எண்ணி அழுது, நகரத்தைத் துறந்து, கிழக்கே கடற்கரை சேர்ந்து, தன்னைத் தானே எரித்துக்கொள்கிறான்; அவன் இதயம் விடிவெள்ளியாக மேலே போகிறது. ஹுவாஸ்டெக் இனத் தலைவன் ஒருவன் ஐந்தாவதைக் குடித்துவிட்டு அவை நடுவே கோவணத்தை அவிழ்த்தெறிந்து, அவமானம் தாங்காமல் தன் மக்களோடு நாட்டைவிட்டுப் போன கதையும் உண்டு. நான்கு வரை மனிதன் தன் வசம் இருக்கிறான், ஐந்தாவதில் முயலின் வசம் போய்விடுகிறான் என்பது இந்தக் கதைகளின் கணக்கு. அஸ்டெக் சமூகத்தில் குடிப்பழக்கம் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது என்பதையும், எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும் தாராளமாகக் குடிக்க உரிமை இருந்ததை 16ஆம் நூற்றாண்டின் மென்டோசா ஓவியச்சுவடி படமாகவே காட்டுகிறது என்பதையும் மாயெஸ்த்ரா சேர்த்துச் சொன்னார். ஒரு வீட்டு விதிக்கு இத்தனை ஆழமான பின்புலம் இருப்பதைக் கேட்ட பிறகு, ஐந்தாவது கோப்பையை யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு கதையும் வந்து விழுந்தது. புல்கே சீக்கிரம் புளிக்க வேண்டும் என்பதற்காகச் சாணத்தைத் துணியில் முடிந்து பானைக்குள் தொங்கவிடுவார்கள் என்ற வதந்தி மெக்சிகோவில் தலைமுறைகளாக உலவுகிறது. எதிரே அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதைக் கேட்டே வளர்ந்ததால் தாம் இதுவரை புல்கேயைத் தொட்டதில்லை என்றார். இருபதாம் நூற்றாண்டில் பியர் சந்தையைப் பிடித்தபோது கட்டிவிடப்பட்ட கதை அது என்பது புல்கே ஆர்வலர்களின் உறுதியான கருத்து. தெய்வத்தின் எலும்பிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்பட்ட பானத்தைப் பற்றி இப்படியொரு கதையும் ஊரில் நிலைத்துவிட்டது என்பது எனக்கு வருத்தமளித்தது. ஆசிரியர் கோப்பையை முழுமையாகக் குடித்து முடித்தார்.

இரண்டாவது பானம் மெஸ்கால். இதிலும் நிகழ்ச்சியாளர்கள் தேர்வில் சமரசம் செய்துகொள்ளவில்லை. மெஸ்காலுக்கு 1994ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. 2017இல் வெளியான தரநிர்ணய விதி அதை மூன்று வகையாகப் பிரித்தது. எந்திரத்தில் செய்வது ஒரு வகை, கைவினை முறை இன்னொன்று, மண்பானையில் வடிக்கும் மூதாதையர் முறை மூன்றாவது. இங்கே பரிமாறப்பட்டது ஓஹாகா மாநிலத்தின் எஸ்பதீன் கற்றாழையில் கைவினை முறையில் வடித்தது. இலைகளைச் சீவிய கற்றாழைக் கிழங்குகளைத் தணல் கற்கள் பரப்பிய குழியிலிட்டு, மண்மூடி, சில நாட்கள் வேகவைப்பதால்தான் அந்தப் புகைமணம் வருகிறது. ஊற்றும்போது விளிம்பில் முத்துமுத்தாகக் கொப்புளங்கள் எழுந்து சிறிது நேரம் நின்றன; வடிப்பவர்கள் சாராயத்தின் வலுவை அந்த முத்துகளைப் பார்த்தே மட்டிடுவார்கள் என்று பரிமாறியவர் விளக்கினார். கொடுத்த கண்ணாடிக் குவளையின் அடியில் சிலுவைக் குறி இருந்தது. தேவாலயங்களில் நேர்ச்சை மெழுகு எரிப்பதற்காகச் செய்யப்பட்ட குவளை அது; மெழுகு எரிந்து தீர்ந்த பிறகு வீடுகளில் மெஸ்கால் குடிக்கப் பயன்பட்டுவந்தது. குடித்து முடிக்கும்போது மட்டுமே அந்தச் சிலுவை தெளிவாகத் தெரியும்.

அந்தச் சிலுவைதான் கதைக்கு வாசல். சார்ரோ நெக்ரோ என்பவன் கருங்குதிரையில் வரும் கறுப்பு உடைக் குதிரைவீரன். உடையெங்கும் வெள்ளிப் பொத்தான்கள். விழா முடிந்து, குடித்துவிட்டு, நள்ளிரவில் தனியே ஊர் திரும்புபவனின் பக்கத்தில் வந்து இனிமையாகப் பேச்சுக் கொடுப்பான். குதிரையில் ஏறிக்கொள்ளச் சொல்வான், அல்லது பொற்காசுப் பை ஒன்றை நீட்டுவான். ஏறியவனும் தொலைந்தான், வாங்கியவனும் தொலைந்தான். மறுத்து நடந்துகொண்டே இருந்தால், தேவாலயம் ஒன்று கண்ணில்படும் இடத்தில் அவன் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு போய்விடுவான். கதை எளியது. ஆனால் மாயெஸ்த்ரா அதை யாரோ ஒருவனுக்கு நடந்ததாகச் சொல்லாமல், தம் தாத்தாவின் சிற்றூரில், எந்த வளைவில், எந்தக் கிணற்றுப் பக்கத்தில் குளம்பொலி கேட்டது என்று இடம் குறித்துச் சொன்னார். பேச்சுக் கொடுத்தவனின் காலணியில் புழுதியே இல்லை என்பதைத் தாத்தா கவனித்தாராம். அந்த ஒரு வரியில் மேசை முழுவதும் அமைதியானது. குவளையின் அடியிலிருந்த சிலுவை அப்போதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. பரிமாறும் நேரத்தையும் கதையின் வேகத்தையும் இவ்வளவு நுட்பமாகப் பொருத்தியிருப்பது எளிய காரியமன்று.

இதன் பிறகு வரும் இடைவேளைதான் நிகழ்ச்சியின் பலவீனம். விளக்குகள் சட்டென்று அணைகின்றன. மாடியிலிருந்து வெண்ணிற உடையில் ஒரு நடிகை அலறிக்கொண்டே இறங்கி வருகிறார். ஒலிபெருக்கியில் காற்றும் தண்ணீரும் இரைகின்றன. லா யோரோனா, அதாவது தன் பிள்ளைகளை ஆற்றில் மூழ்கடித்துவிட்டு, அவர்களைத் தேடி நீர்நிலைகளின் ஓரம் அழுதுகொண்டே அலையும் பெண், மெக்சிகோவின் கதைகளுள் மிகப் பரவலாக அறியப்பட்டவள். நடிகையின் உழைப்பைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதுவரை ஒருவருடைய குரலை மட்டும் நம்பி அமர்ந்திருந்தவர்களை அந்த ஒலிபெருக்கி வெறும் பார்வையாளர்களாக்கிவிட்டது. மேசையிலிருந்த இரண்டு சிறுவர்கள் உண்மையிலேயே அஞ்சி அழத் தொடங்கினார்கள், பெரியவர்கள் கைப்பேசியை எடுத்துப் படம்பிடித்தார்கள். சோச்சிமில்கோவின் கால்வாய்களில் இறந்தோர் நாளையொட்டி ஆண்டுதோறும் நடக்கும் யோரோனா நாடகத்துக்கு அந்த நீர்ப்பரப்பும் படகுகளும் இருளும் துணைநிற்கின்றன. நான்கு சுவர்களுக்குள் அதையே சிறிதாக்கிக் காட்டுவதால் எதுவும் கிடைப்பதில்லை.

இழப்பு எவ்வளவு பெரியது என்பது விளக்குகள் மீண்டும் எரிந்த பிறகுதான் தெரிந்தது. மாயெஸ்த்ரா தம் பங்குக்குச் சில நிமிடங்கள் மட்டுமே யோரோனாவைப் பற்றிப் பேசினார். அந்தச் சில நிமிடங்கள் நாடகம் முழுவதையும்விடக் கனமாக இருந்தன. பெர்னார்தினோ தெ சாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி, அஸ்டெக்குகள் உள்ளிட்ட நாவா மக்களின் உதவியோடு தொகுத்த பன்னிரண்டு பகுதிப் பெருந்தொகுப்பில், ஸ்பானியர் வருவதற்கு முன் தோன்றிய எட்டுத் தீக்குறிகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் ஆறாவது, இரவில் ஒரு பெண் அழுதுகொண்டே, என் பிள்ளைகளே, நாம் போயாக வேண்டும், உங்களை நான் எங்கே கொண்டுபோவேன் என்று கதறியது. அந்தக் குரல் சிவாகோவாட்ல் என்ற தாய்த்தெய்வத்தின் குரல் என்று கருதுவோர் உண்டு. பிள்ளைகளைக் கொன்றவளாக இன்று சொல்லப்படுபவள், அழியப்போகும் தன் மக்களுக்காக அழுதவளாக இருந்திருக்கலாம் என்று அவர் சொன்னபோது, இதை ஒரு முழுக்கதையாகவே அவர் சொல்லியிருக்கலாமே என்று எண்ணினேன். பச்சூகா நகரிலிருந்து வந்த ஒரு மூதாட்டி, அழுகை பக்கத்தில் கேட்டால் அவள் தொலைவில் இருக்கிறாள், தொலைவில் கேட்டால் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறாள் என்று தம் தாய் சொல்லிக்கொடுத்த பாடத்தைச் சேர்த்தார். அதற்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

அந்த இடைவேளையை நிரப்பியே ஆகவேண்டும் என்றால் அருகிலேயே பொருள் இருக்கிறது. இன்று உருகுவாய்க் குடியரசுத் தெரு என வழங்கும் சாலை அந்த வீட்டிலிருந்து நடந்தே போகும் தொலைவில் உள்ளது. தோன் ஹுவான் மனுவேல் என்ற செல்வர் மனைவியைச் சந்தேகித்துச் சாத்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, இரவு பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் எதிர்ப்படுபவரிடம் நேரம் என்ன என்று கேட்பார். பதினொன்று என்று பதில் வந்ததும், தாம் சாகும் நேரத்தை அறிந்திருக்கும் நீர் பாக்கியசாலி என்று சொல்லிக் குத்திவிடுவார். ஒருநாள் காலை சடலமாக வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டவன் அவருடைய உடன்பிறந்தாரின் மகன். பாவமன்னிப்புக் கேட்டவருக்கு, மூன்று இரவுகள் தூக்குமரத்தடியில் செபிக்க வேண்டும் என்று பரிகாரம் விதிக்கப்பட்டது. இறுதியில் அவரே அந்தத் தூக்குமரத்தில் தொங்கிக் கிடந்தார், தேவதூதர்களே அவரைத் தூக்கிலிட்டார்கள் என்று ஊர் பேசியது. விருந்தினரை அந்தத் தெருவரை நடத்திச் சென்று இதைச் சொல்லித் திரும்ப அழைத்துவந்தால் போதும். இந்த யோசனையை நிகழ்ச்சி முடிந்ததும் அவர்களிடமே தெரிவித்தேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

மூன்றாவது பானமான இஷ்தபெந்தூன் யுகதான் தீபகற்பத்திலிருந்து வருவது: தேன், சோம்பு, ரம் சேர்ந்த இனிப்பு மது. ஒரு பனிக்கட்டி மீது சிறிதளவு ஊற்றித் தருகிறார்கள். இனிப்பு எனக்குச் சற்று மிகுதிதான். ஆனால் இந்த இரவின் மிகச் சிறந்த கதையும் பானமும் இணைந்த இடம் இதுவே. ஒரே ஊரில் மாயா இனப் பெண்கள் இருவர். இஷ்கெபானை ஊர் தூற்றியது, ஏனெனில் அவள் பலரைக் காதலித்தாள். ஆனால் அவள் நோயாளிகளைப் பேணினாள், தன் நகைகளை விற்று ஏழைகளுக்கு உதவினாள். ஊட்ஸ்-கோலெல் ஒழுக்கத்தில் மாசற்றவள் என்று போற்றப்பட்டாள்; ஆனால் ஏழைகளைக் கண்டால் அருவருப்பாள். இஷ்கெபான் இறந்தபோது அவள் வீட்டிலிருந்து நறுமணம் வீசியது, புதைத்த இடத்தில் தேன் சுரக்கும் வெண்ணிறக் கொடிப்பூ பூத்தது. மற்றவள் இறந்தபோது மலர்மாலைகளோடு ஊரே திரண்டது. ஆனால் அவள் கல்லறையில் துர்நாற்றம் வீசும் முள்கள்ளிதான் முளைத்தது. பொறாமை கொண்ட அவள், பலரைக் காதலித்ததால்தான் இஷ்கெபானுக்கு நறுமணம் வாய்த்தது என்று தவறாக எண்ணி, பேயாகத் திரும்பி வந்தாள். இலவ மரத்தடியில் அமர்ந்து, கள்ளிமுள்ளால் தன் நீண்ட கூந்தலைச் சீவிக்கொண்டு, இரவில் வரும் ஆண்களை அழைத்துக் கொல்லும் இஷ்தபாய் அவள்தான்.

அந்தக் கொடிப்பூவின் தேனைக் கொண்டு செய்வதாலேயே மதுவுக்கு இஷ்தபெந்தூன் என்ற பெயர். நாம் குடிப்பது தூற்றப்பட்டவளின் அன்பு என்று மாயெஸ்த்ரா சொன்ன விதத்தில் மிகையில்லை. வேடிக்கைக்காகப் பேய்க்கதை கேட்க வந்தவர்கள்கூட, யாரை நல்லவர் என்று ஊர் முடிவு செய்கிறது என்ற விவாதத்தில் இறங்கிவிட்டார்கள். யுகதானின் மெரிதா நகரிலிருந்து வந்திருந்த தம்பதியர், தங்கள் பாட்டி சொன்ன வடிவத்தில் இஷ்தபாய் இவ்வளவு கெட்டவள் அல்லள், குடித்துவிட்டு வீடு திரும்பாத கணவர்களை மட்டுமே பிடிப்பாள் என்று திருத்தம் சொன்னார்கள். மாயெஸ்த்ரா அதையும் ஏற்றுக்கொண்டார். அவர்களே அலுஷ் பற்றியும் பேசினார்கள். சோளக்காட்டைக் காக்கும் முழங்கால் உயரக் காவலர்கள் அவர்கள். சோளக் கரைசல் பானத்தைப் படையலாக வைத்தால் பயிரைப் பார்த்துக்கொள்வார்கள், மறந்தால் கல்லெறிவார்கள். 2023 பிப்ரவரியில் அன்றைய குடியரசுத் தலைவர் லோபஸ் ஓப்ரதோர், மரத்தில் ஏறியிருக்கும் அலுஷ் இது என்று ஒரு புகைப்படத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டதை நினைவுபடுத்தினார்கள். இந்த நம்பிக்கைகள் அருங்காட்சியகப் பொருளாகிவிடவில்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

நான்காவது, மண்குவளையில் இலவங்கப்பட்டையும் கருப்பட்டி போன்ற பழுப்பு வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய காப்பி. விரும்பியவர்களுக்கு அதில் ஒரு சிறு அளவு கரும்புச் சாராயம். மெக்சிகோவில் இறந்தவர் வீட்டில் இரவு முழுதும் விழித்திருப்பவர்களுக்குக் கொடுப்பது இந்தக் காப்பியைத்தான். பேய்க்கதைகள் உண்மையில் கைமாறும் இடமும் அந்த விழிப்பிரவுதான். மாயெஸ்த்ரா இந்தச் சுற்றில் ஒரே ஒரு கதையைச் சுருக்கமாகச் சொன்னார். காப்பிக்குப் பேர்போன வெராக்ரூஸ் மாநிலத்துக் கோர்தோபா நகரத்து அழகி ஒருத்தியைச் சூனியக்காரி என்று சமய விசாரணை மன்றம் சிறையில் அடைத்தது. அவள் கரித்துண்டால் சுவரில் கப்பல் ஒன்றை வரைந்து, இதற்கு இன்னும் என்ன குறை என்று காவலனிடம் கேட்டாள். ஓட வேண்டியதுதான் பாக்கி என்றான் அவன். அப்படியானால் ஓடும் என்று சொல்லி, சுவரிலிருந்த கப்பலில் ஏறி அவள் மறைந்துபோனாள். இதைச் சொல்லிவிட்டுத் தம் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "இனி உங்கள் முறை" என்றார்.

அடுத்த ஒரு மணி நேரத்துக்காகவே மீண்டும் பணம் கொடுத்துப் போகலாம். வெராக்ரூஸ் இளைஞர் ஒருவர், காட்டில் வழிதவற வைக்கும் சனேக்கே என்னும் குட்டி உருவங்களிடமிருந்து தப்பிக்கச் சட்டையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி அணிய வேண்டும் என்று சொல்லி, சிறுவயதில் தாம் அப்படி அணிந்து நின்ற இடத்தை விவரித்தார். செவிலியராகப் பணிபுரிந்த பெண்மணி ஒருவர் லா பிளான்சாதாவைப் பற்றிச் சொன்னார். மெக்சிகோ நகரின் ஹுவாரெஸ் மருத்துவமனையோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆவி அது: கஞ்சி போட்டுத் தேய்த்த சீருடையில், மடிப்புக் கலையாமல், இரவில் வந்து நோயாளிகளைக் கவனித்துவிட்டுப் போவாள், அப்படியொரு செவிலியர் அன்று பணியிலேயே இல்லை என்பது காலையில்தான் தெரியவரும். தாம் அவளைப் பார்த்ததில்லை என்றார் அந்தப் பெண்மணி. ஆனால் இரவுப்பணியில் கண்ணயர்ந்துவிட்ட புதிய செவிலியர்களிடம், உன் நோயாளியை அவள் பார்த்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று மூத்தவர்கள் கண்டிப்பும் கனிவும் கலந்து சொல்வதுண்டு என்றார். சார்ரோ நெக்ரோவின் கதைக்கு மட்டும் மேசையில் மூன்று வேறு வடிவங்கள் கிடைத்தன, ஒவ்வொன்றிலும் ஒரு தாத்தா. யாருடைய கதையையும் மாயெஸ்த்ரா இடைமறிக்கவில்லை; சுருங்கிப்போன இடத்தில் மட்டும், அப்போது நாய்கள் குரைத்தனவா, யார் கதவைத் திறந்தது என்று ஒரு கேள்வி கேட்டுக் கதையை மறுபடி நடக்க வைத்தார். கதை சொல்லத் தெரிந்தவர் பலர் இருப்பர். பிறரைச் சொல்ல வைக்கத் தெரிந்தவர் அரிது.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சோள அப்பங்கள், அவரை மசியல், பாலாடைக்கட்டி, வறுத்த வெட்டுக்கிளி ஆகியவை சிறு தட்டுகளில் வருகின்றன. பசியோடு போனால் போதாது. சைவ உணவு உண்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மெஸ்காலுடன் ஆரஞ்சுத் துண்டில் தூவித் தரும் சிவப்பு உப்பில், கற்றாழையில் வாழும் புழுவை உலர்த்திப் பொடித்துக் கலந்திருப்பார்கள், சொன்னால் வெறும் உப்பு தருகிறார்கள். மது அருந்தாதவர்களுக்குப் புளிக்காத கற்றாழை இனிப்பு நீர், செம்பருத்திச் சாறு, சாராயம் சேர்க்காத காப்பி ஆகியவை உண்டு, கட்டணமும் குறைவு. கதைகளின் சுவை இதனால் சிறிதும் குறையாது. மெக்சிகோவில் மது அருந்தும் வயது 18. சிறுவர்களைப் பெற்றோருடன் அனுமதிக்கிறார்கள் என்றாலும், அந்த நாடகக் காட்சி நீடிக்கும்வரை பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. பரிமாறுபவர்களுக்குப் பத்து முதல் பதினைந்து விழுக்காடு அன்பளிப்பு தருவது வழக்கம். அது கட்டணத்தில் அடங்கவில்லை.

நிகழ்ச்சி முழுவதும் ஸ்பானிய மொழியில்தான். ஆங்கிலத்தில் சுருக்கக் குறிப்புத் தாள் தருகிறார்கள், ஆனால் அது கதையின் எலும்புக்கூடு மட்டுமே. ஓரளவு ஸ்பானிய மொழி புரிபவர்கள் தயங்காமல் போகலாம், மாயெஸ்த்ரா நிதானமாகவே பேசுகிறார். அறவே புரியாதவர்கள் மொழி தெரிந்த நண்பர் ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது, இல்லையென்றால் இறுதி ஒரு மணி நேரம் முழுவதும் கைநழுவிப் போய்விடும். இருக்கை ஒதுக்கும்போது மேசையின் நடுப்பகுதியைக் கேளுங்கள். மாடிப்படிக்கு அருகிலுள்ள முனையில் பரிமாறுவோரின் நடமாட்டம் கதையைக் குறுக்கிடுகிறது. அக்டோபர் கடைசி வாரத்திலும் இறந்தோர் நாட்களான நவம்பர் 1, 2 தேதிகளிலும் கட்டணம் கூடுகிறது, மேசைகளும் இரண்டாகின்றன, விருந்தினர் கதை சொல்லும் நேரமும் பாதியாகக் குறைகிறது. அந்த நாட்களைத் தவிர்த்து, மழைக்காலம் முடிந்த பின்னரோ பிப்ரவரி, மார்ச் மாதங்களிலோ முன்பதிவு செய்தால் வழக்கமான கட்டணத்தில் முழு இரவும் கிடைக்கும்.